ஆறு வயதில் முளைக்கும் பல்

(தாம்பரத்தில் பெற்றோர்கள் கூடிய ஒரு கூட்டத்தில் பல் மருத்துவர் ஒருவர் ஆற்றிய சொற்பொழிவின் அச்சு வடிவம்)



சேலையூர், சிட்லபாக்கம், பெருங்களத்தூர், பம்மல் என்று பல பக்கங்களிலிருந்து ஞாயிற்றுக்கிழமை மாலையை ஒதுக்கி வந்திருக்கிறீர்கள். முன்னுரை வேண்டாம். ஒரு குறிப்பிட்ட பல்லைப் பற்றிச் சொல்லியே தொடங்குகிறேன்.

குழந்தைக்கு ஆறு வயது ஆகும்போது, வரிசையில் கடைசியாக இருக்கும் பால் பல்லுக்கும் பின்னால், மேலே இரண்டு, கீழே இரண்டு என நான்கு பெரிய கடைவாய்ப் பற்கள் முளைக்கின்றன. அவை வருவதற்காக எந்தப் பால் பல்லும் விழுவதில்லை. பல் ஆடுவதில்லை, ரத்தம் வருவதில்லை, கூரைமேல் எறிய ஒன்றும் கையில் கிடைப்பதில்லை. ஆகவே அந்தப் பல் வந்த சங்கதியே வீட்டில் யாருக்கும் தெரிவதில்லை. எட்டு, ஒன்பது வயதில் நடுவே கருங்குழியோடு பிள்ளையைக் கூட்டிவருகிறார்கள். "பால் பல்லுதானே டாக்டர், விழுந்துடும்ல?" என்று கேட்கிறார்கள். விழாது அம்மா. அதுதான் நிரந்தரப் பல். அந்தப் பிள்ளை எழுபது வயதிலும் சோறு மெல்ல வேண்டியது அதே பல்லால்தான். அது போனால் அந்த இடத்தில் வேறொன்று முளைக்காது.

நிரந்தரப் பற்களில் சொத்தைக்கு அதிகமாக இரையாகிறவற்றுள் இந்தப் பல்லும் ஒன்று. காரணம் அதன் அமைப்பு. மேற்பரப்பில் ஆழமான பள்ளங்களும் கோடுகளும் இருக்கின்றன. பிரஷின் ஒற்றை நாரைவிடக் குறுகலான பள்ளங்கள்கூட உண்டு. வெளியே தலைகாட்டி முழுதாக எழும்ப மாதக்கணக்கில் ஆகும். அதுவரை பக்கத்துப் பற்களைவிடத் தாழ்ந்தே கிடப்பதால் பிரஷ் அதன்மேல் படுவதில்லை. வேலையே தொடங்காத பல் அழுகத் தொடங்கிவிடுகிறது.

எனாமல் நம் உடம்பிலேயே மிகக் கடினமான பொருள். எடையில் ஏறக்குறைய 96 சதவீதம் தாது உப்பு. அதில் நரம்பு கிடையாது. அதற்கு உள்ளே டென்டின், அதற்கும் உள்ளே ரத்தக் குழாயும் நரம்பும் நிறைந்த பல்கூழ். சொத்தை எனாமலில் இருக்கிற காலம் முழுக்க வலிக்காது. மாதக்கணக்கில் வலிக்காது, பலருக்கு ஆண்டுக்கணக்கிலும் வலிக்காது. டென்டினை எட்டியதும் இனிப்புக்கும் ஐஸ் தண்ணீருக்கும் சுருக்கென்று கூசும். பல்கூழை எட்டிய பிறகுதான் தூங்கவிடாத வலி. நம் மக்கள் பெரும்பாலும் கிளம்பி வருவது அந்தக் கட்டத்தில்தான். பல்லைச் சுலபமாகக் காப்பாற்றக்கூடிய காலம் முழுவதும் வலியில்லாமலே கழிந்துபோகிறது. "வலிச்சா பாத்துக்கலாம்" என்ற வார்த்தையால் எத்தனை நல்ல பற்களை இழந்திருக்கிறோம் என்று நினைத்தால் எனக்கு உண்மையாகவே மனம் பொறுப்பதில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஒரு வாரம் உயிரை எடுத்த வலி ஒருநாள் தானாகவே நின்றுவிடும். கிராம்புத் தைலம் வைத்தேன், கேட்டது என்பார்கள். மெடிக்கல் ஷாப்பில் மூன்று வேளை மாத்திரை வாங்கினேன், சரியாகிவிட்டது என்பார்கள். கிராம்புத் தைலம் சற்று நேரம் மரத்துப்போகச் செய்யும், அதை மறுக்கவில்லை. ஆனால் வலி அடியோடு நின்றுபோனால் பெரும்பாலும் பல்கூழ் செத்துவிட்டது என்றே பொருள். நரம்பு செத்தபின் வலிக்க என்ன இருக்கிறது? கிருமி மட்டும் வேர்நுனி வழியாக எலும்புக்குள் இறங்கிக்கொண்டே இருக்கும். சில மாதம் கழித்து ஈறில் சீழ்க்கொப்புளம், இல்லாவிட்டால் கன்னம் வீங்கிய கோலம்.

சொத்தை வருவது எப்படி? பல்லில் பூச்சி விழுந்துவிட்டது என்று நம் ஊரில் சொல்வதுண்டு. கண்டங்கத்திரி விதையைப் புகைத்து வாயில் பிடிப்பதும் உண்டு. உலகம் முழுக்கவே மனிதர்கள் இப்படி நம்பினார்கள். பல்லைக் குடையும் புழு எதையும் காண முடியவில்லை என்று பிரான்சில் பல் மருத்துவர் பியர் ஃபோஷார் தம் நூலில் எழுதியது 1728இல். வாயிலுள்ள கிருமிகள் சர்க்கரையைப் புளிக்கவைத்து உண்டாக்கும் அமிலம்தான் பல்லைக் கரைக்கிறது என்று வில்லோபி மில்லர் என்ற பல் மருத்துவர் 1890இல் விளக்கினார். அந்தக் கிருமிகளில் முக்கியமான ஒன்றுக்கு 1924இல் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் என்று பெயரிட்டார்கள்.

இனிப்பு வாயில் பட்ட சில நிமிடங்களிலேயே பல்மேல் படிந்த அழுக்குப் படலத்தில் அமிலம் ஏறுகிறது. அமில காரத்தைக் காட்டும் பி.எச். அளவு சுமார் 5.5க்குக் கீழே போனால் எனாமலிலிருந்து சுண்ணாம்புச் சத்தும் பாஸ்பேட்டும் கரைந்து வெளியேறும். உமிழ்நீர் அந்த அமிலத்தைத் தணித்துப் பழைய நிலைக்குக் கொண்டுவர அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் ஆகும். அதன்பின் உமிழ்நீரில் இருக்கும் தாதுக்கள் திரும்பவும் பல்லில் படியும். கரைவதும் படிவதும் நாள் முழுக்க நடக்கிறது. படிவதற்கு நேரம் கொடுத்தால் பல் பிழைக்கும். கொடுக்காவிட்டால் குழி விழும்.

எவ்வளவு இனிப்பு தின்கிறோம் என்பதைவிட, ஒரு நாளில் எத்தனை முறை தின்கிறோம் என்பது பல்லுக்குப் பெரிய விஷயம். இதை மருத்துவ உலகம் கற்றுக்கொண்ட விதம் வெட்கப்பட வேண்டியது. ஸ்வீடனில் லூண்ட் நகரத்தில் விப்பெஹோல்ம் என்ற மனநலக் காப்பகம் இருந்தது. 1940களில், அங்கிருந்த மனவளர்ச்சி குன்றியவர்களுக்கு, அவர்கள் சம்மதம் இல்லாமலே, பல்லில் ஒட்டுகிற டாஃபியைச் சாப்பாட்டுக்கு நடுநடுவே கொடுத்துப் பார்த்தார்கள். சாப்பாட்டோடு சேர்த்து இனிப்புச் சாப்பிட்டவர்களுக்குச் சொத்தை குறைவாகத்தான் ஏறியது. இடையிடையே ஒட்டும் இனிப்பு தின்றவர்களுக்குப் பற்கள் சரசரவென்று அழிந்தன. வாய் திறந்து மறுக்க முடியாதவர்களின் பற்களைப் பலிகொடுத்துக் கிடைத்த அறிவு இது. நாம் அதைப் பயன்படுத்தாமல் விடுவது இன்னொரு அநியாயம்.

நம் பக்கத்து வாழ்க்கையைப் பாருங்கள். மெப்ஸ் ஏற்றுமதி வளாகத்தில் இரவு ஷிஃப்ட், ஓ.எம்.ஆரில் கணினி வேலை, ஜி.எஸ்.டி. ரோட்டில் கடை. ஆளுக்கு நாலு டீ, ஒவ்வொன்றிலும் இரண்டு கரண்டிச் சர்க்கரை. எட்டுக் கரண்டி ஆகிவிட்டது. உலக சுகாதார நிறுவனம் 2015இல் சொன்னது, சேர்க்கும் சர்க்கரை மொத்த உணவு ஆற்றலில் 10 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும், 5 சதவீதத்துக்குக் கீழே என்றால் இன்னும் நல்லது என்று. பெரியவர் ஒருவருக்கு 5 சதவீதம் என்பது சுமார் 25 கிராம், அதாவது ஆறு டீஸ்பூன். டீயிலேயே அந்த அளவு தாண்டிவிட்டது. அதிலும் ஒரு டம்ளர் டீயைப் பேசிக்கொண்டே அரை மணி நேரம் உறிஞ்சினால், அந்த அரை மணியும் பல் அமிலத்தில் ஊறுகிறது. சர்க்கரையைக் குறையுங்கள், ஒரேயடியாகக் குடித்து முடியுங்கள், தண்ணீரால் வாயைக் கொப்பளியுங்கள்.

பிள்ளைகளுக்கு ஸ்கூல் வேன் வருமுன் ஒரு பிஸ்கட், வந்ததும் ஒரு பாக்கெட், டியூஷன் போகும் வழியில் ஒரு மிட்டாய். நாட்டுச்சர்க்கரை, கருப்பட்டி, தேன், பேரீச்சம்பழம் எல்லாம் நல்லவைதானே என்று நீங்கள் கேட்பீர்கள். உடம்புக்கு அவற்றில் சில சத்துகள் இருக்கலாம். வாயிலுள்ள கிருமிக்கு எல்லாமே சர்க்கரைதான். கடலை மிட்டாயைச் சாப்பாடு முடிந்த கையோடு கொடுங்கள், தனித் தீனியாகக் கொடுக்காதீர்கள். ராத்திரி இனிப்புப் பாலைப் பாட்டிலில் ஊற்றி வாயில் வைத்தபடியே குழந்தையைத் தூங்கவைப்பதை இன்றோடு நிறுத்துங்கள். தூக்கத்தில் உமிழ்நீர் ஊறுவது வெகுவாகக் குறையும். பால் மேல்வரிசை முன்பற்களைச் சுற்றித் தேங்கி நிற்கும். இரண்டு வயதில் முன்பல் நான்கும் கறுத்துக் கரைந்த குழந்தைகளை எங்கள் நாற்காலியில் அடிக்கடி பார்க்கிறோம். பால் பல்தானே என்று விடக்கூடாது. அதற்கும் வலிக்கும், சீழ் பிடிக்கும். அது அகாலத்தில் போனால் பின்னால் வரும் நிரந்தரப் பல்லுக்கு இடம் தப்பிப்போகும்.

அடுத்தது ஃபுளோரைடு. இந்தச் சொல்லைக் கேட்டால் தமிழ்நாட்டில் பயம் வருவதற்கு நியாயமான காரணம் இருக்கிறது. தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் நிலத்தடி நீரிலேயே ஃபுளோரைடு மிகுந்து, தலைமுறை தலைமுறையாகப் பற்கள் பழுப்பேறின, பலருக்கு எலும்புகளும் வளைந்தன. அதற்காகவே ஜப்பான் நிதியுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் உருவாகி, 2013இல் செயல்பாட்டுக்கு வந்தது. குடிநீரில் ஃபுளோரைடு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது என்பது வரம்பு. ஆனால் அளவோடு இருந்தால் அதே ஃபுளோரைடு பல்லைக் காக்கிறது. அமெரிக்காவில் கிராண்ட் ராப்பிட்ஸ் என்ற ஊரில் 1945இல் குடிநீரில் லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் கணக்கில் சேர்த்தார்கள். பதினோரு ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது, அதற்குப்பின் அங்கே பிறந்த குழந்தைகளிடம் சொத்தை 60 சதவீதத்துக்கும் மேல் குறைந்திருந்தது. ஃபுளோரைடு கலந்து படிந்த எனாமல் அமிலத்தில் எளிதில் கரைவதில்லை என்பதே அதன் சூட்சுமம். 2021இல் உலக சுகாதார நிறுவனம் ஃபுளோரைடு பற்பசையை அத்தியாவசிய மருந்துகள் பட்டியலிலேயே சேர்த்துவிட்டது.

இங்கே நம் வீடுகளில் குடிப்பது ஆர்.ஓ. தண்ணீர், இல்லாவிட்டால் கேன் தண்ணீர். ஆர்.ஓ. எந்திரம் மற்ற உப்புகளோடு ஃபுளோரைடையும் பெருமளவு எடுத்துவிடும். அப்படிப்பட்ட வீட்டில் பேஸ்டிலும் ஃபுளோரைடு இல்லையென்றால் பல்லுக்குத் துணை எதுவும் மிஞ்சாது. மூலிகை என்றும் இயற்கை என்றும் பெரிய எழுத்தில் போட்டிருப்பதைப் பார்த்து வாங்குகிறீர்கள். டியூபைத் திருப்பி, பின்பக்கம் ஃபுளோரைடு எத்தனை பி.பி.எம். என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். ஆயிரத்தை ஒட்டி இருந்தால் வாங்குங்கள். எதுவுமே எழுதவில்லை என்றால் வைத்துவிடுங்கள். மூன்று வயதுக்குக் கீழே அரிசி மணி அளவு, மூன்றிலிருந்து ஆறு வரை பட்டாணி அளவு போதும். விளம்பரத்தில் காட்டுவதுபோல பிரஷ் நீளத்துக்குப் பிதுக்குவது குழந்தைக்குக் கெடுதல், விழுங்கிவிடும்.

நம்மவர்கள் காலையில் பல் தேய்க்காமல் காபியைத் தொடமாட்டார்கள். அந்த ஒழுக்கம் நல்லது. ஆனால் ராத்திரி தேய்ப்பவர்கள் குறைவு. இரண்டில் ஒன்றுதான் முடியும் என்றால் ராத்திரியைத் தேர்ந்தெடுங்கள் என்பேன். இரண்டு நிமிடம், மெல்லிய நாருள்ள பிரஷ், ஈறும் பல்லும் சேரும் இடத்தில் கவனம். நுரையைத் துப்பியதும் வாய் நிறையத் தண்ணீர் விட்டுக் கொப்பளிக்காதீர்கள்; பல்மேல் தங்க வேண்டிய ஃபுளோரைடு அடித்துக்கொண்டு போய்விடும். குழந்தைக்கு ஏழெட்டு வயது ஆகும்வரை நீங்களே தேய்த்துவிடுங்கள். அவர்கள் கையில் கொடுத்தால் முன்பல்லை மட்டும் தேய்ப்பார்கள். தாத்தா வேப்பங்குச்சியிலேயே எண்பது வயது வரை இருந்தார் என்பீர்கள். அவர் காலையில் பழைய சோறு சாப்பிட்டார், மாலையில் கிரீம் பிஸ்கட் சாப்பிடவில்லை. குச்சியை மதிக்கிறேன், ஆனால் நம் இன்றைய தீனிக்கு அது ஈடுகொடுக்காது. கரித்தூளும் செங்கல் பொடியும் எனாமலை அரித்துவிடும். புகையிலை கலந்த பற்பொடிக்கு 1992இலேயே நாடு முழுக்கத் தடை.

எப்போது மருத்துவரிடம் போவது? குழந்தைக்கு முதல் பல் முளைத்ததும் ஒருமுறை, முதல் பிறந்தநாளுக்குள். பிறகு அந்த ஆறு வயதில் கட்டாயம். பள்ளங்களை மூடும் சீலன்ட் என்ற பூச்சை அப்போது போட்டுவிடலாம். ஊசி கிடையாது, குடைவது கிடையாது, சில நிமிட வேலை. அதைக் கேட்டுப் பிள்ளைக்குப் போடச் சொல்லும் பெற்றோர் இன்னும் மிகக் குறைவு என்பதால்தான் இன்று உங்கள் முன்னால் நிற்க ஒத்துக்கொண்டேன். பெரியவர்கள் ஆண்டுக்கு ஒருமுறை, சர்க்கரை நோய் உள்ளவர்கள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை காட்டுவது நல்லது.

இடையில் என்ன தெரிந்தால் உடனே வர வேண்டும்? ஈறை ஒட்டிச் சுண்ணாம்பு பூசியதுபோல வெள்ளைத் திட்டு தெரிந்தால் வாருங்கள். அது சொத்தையின் முதல் படி. குழி விழாதவரை ஃபுளோரைடு பூச்சாலேயே திருப்பிவிடலாம். ஒரே இடத்தில் கீரையோ கறியோ தினமும் மாட்டிக்கொண்டால் இரண்டு பல்லுக்கு நடுவே ஓட்டை இருக்கலாம். கண்ணுக்குத் தெரியாது, எக்ஸ்ரேயில் தெரியும். குளிர்ந்த தண்ணீர் குடித்துப் பல நொடிகள் கழித்தும் கூச்சம் அடங்கவில்லை என்றால் தள்ளிப்போடாதீர்கள். இந்தக் கட்டம் வரும் முன்பே வந்தால் சில நூறு ரூபாயில் அடைத்துவிடலாம். தாண்டினால் ரூட் கெனால், கேப் என்று ஆயிரக்கணக்கில் ஏறும். தேய்க்கும்போது ஈறில் ரத்தம் வருவது சாதாரணம் இல்லை. இரண்டு வாரம் ஆகியும் ஆறாத புண், வெள்ளைப் படலம், சிவப்புத் திட்டு எதுவானாலும், குறிப்பாகப் புகையிலையோ பாக்கோ போடுகிறவர்கள், அன்றே காட்டுங்கள். அது சொத்தையைவிடப் பெரிய விஷயமாக இருக்கலாம்.

அவசரம் என்று சொன்னால் இதுதான்: தாடைக்கு அடியில் வீக்கம், காய்ச்சல், வாயைத் திறக்க முடியவில்லை, எச்சில் விழுங்கக் கஷ்டம், மூச்சு வாங்குகிறது. கிளினிக் திறக்கும்வரை காத்திருக்காமல் பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு ஓடுங்கள். பல்லின் சீழ் கழுத்துக்கு இறங்கி மூச்சுக்குழாயை அடைத்து உயிரையே எடுக்கும். வீக்கத்தின்மேல் வெந்நீர் ஒத்தடம் கொடுக்காதீர்கள்.

மேல் பல்லைப் பிடுங்கினால் கண் போய்விடும் என்ற பயத்தால் அழுகிய வேரை ஆண்டுக்கணக்கில் சுமப்பவர்கள் நம் தெருவிலேயே இருக்கிறார்கள். மேல் பல்லின் நரம்பு வேறு, பார்வை நரம்பு வேறு. சாதாரணமாகப் பல் எடுப்பதால் பார்வை போகாது. கிளீனிங் செய்தால் பல் ஆடும் என்பதும் அப்படித்தான். காறை ஏறி எலும்பைத் தின்றதால் ஏற்கெனவே ஆடிய பல்லை அந்தக் காறையே முட்டுக்கொடுத்து மறைத்திருக்கும். எடுத்ததும் ஆட்டம் தெரிகிறது, அவ்வளவுதான். கர்ப்பிணிகளும் பயப்படாமல் பல் வைத்தியம் செய்துகொள்ளலாம். நடு மூன்று மாதங்கள் வசதியான காலம்.

காசில்லை என்று யாரும் வலியோடு இருக்க வேண்டாம். தாம்பரத்தில் பீச் ரயில் ஏறிக் கோட்டை நிலையத்தில் இறங்கினால் எதிரே தமிழ்நாடு அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. சென்னை மருத்துவக் கல்லூரியின் ஒரு பிரிவாக 1953இல் தொடங்கியது. கூட்டம் இருக்கும், காலையிலேயே போய்விடுங்கள். இந்தப் பக்கமே பள்ளிக்கரணை, பொத்தேரி, ரத்தினமங்கலம் என்று தனியார் பல் மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. அங்கே ஆசிரியர்கள் மேற்பார்வையில் மாணவர்கள் செய்வார்கள், நேரம் பிடிக்கும், வெளியே ஆவதைவிடச் செலவு குறையும். பள்ளிப் பிள்ளைகளைப் பரிசோதிக்க 2013இல் வந்த தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தில் பல் சொத்தையும் சேர்ந்திருக்கிறது. அரசுப் பள்ளிக்கு மருத்துவக் குழு வரும் நாளில் உங்கள் பிள்ளை விடுப்பு எடுக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

எங்கே போனாலும் ஒன்றைக் கவனியுங்கள். 2023இல் வாணியம்பாடியில் ஒரு பல் கிளினிக்கோடு தொடர்புடைய மூளைத் தொற்றில் எட்டுப் பேர் இறந்துபோனார்கள். சுத்திகரிக்காத கருவியால் சலைன் பாட்டிலைத் திறந்து, சரியாக மூடாமல், அதையே திரும்பத் திரும்பப் பயன்படுத்தியிருக்கிறார்கள். மண்ணிலும் நீரிலும் இருக்கும் ஒரு கிருமி அதில் வளர்ந்துவிட்டது. பல்லுக்கு வைத்தியம் பார்க்கப் போனவர்கள் உயிரையே இழந்தார்கள். இதைச் சொல்வது உங்களைப் பயமுறுத்தி வீட்டில் உட்காரவைக்க அல்ல. கருவிகள் உறை போட்ட பையிலிருந்து உங்கள் முன்னால் பிரிக்கப்படுகின்றனவா, ஊசி புதிதா, கையுறை மாற்றினாரா, சுவரில் மாநிலப் பல் மருத்துவ மன்றத்தின் பதிவுச் சான்று இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் கேளுங்கள். ஒழுங்காக வேலை செய்கிற எந்த மருத்துவரும் அந்தக் கேள்விக்குக் கோபப்படமாட்டார்.

கடைசியாக, சைக்கிளிலிருந்து விழுந்தோ கிரிக்கெட் பந்து பட்டோ பிள்ளையின் நிரந்தர முன்பல் வேரோடு கழன்று வந்துவிட்டால் என்ன செய்வது என்று சொல்லி முடிக்கிறேன். பல்லைத் தேடி எடுங்கள். வெள்ளைப் பகுதியைப் பிடியுங்கள், வேரைத் தொடாதீர்கள், தேய்க்காதீர்கள். அழுக்கு இருந்தால் பாலிலோ தண்ணீரிலோ சில நொடி அலசினால் போதும். முடிந்தால் அதே குழியில் திருப்பிச் செருகி, கைக்குட்டையைக் கடிக்கச் சொல்லுங்கள். முடியாவிட்டால் ஒரு டம்ளர் பாலில் போட்டு எடுத்துக்கொண்டு ஓடி வாருங்கள். தண்ணீரில் ஊறவைக்காதீர்கள், காகிதத்தில் மடிக்காதீர்கள். ஒரு மணி நேரத்துக்குள் வந்தால் திரும்பப் பிடிக்க நல்ல வாய்ப்பு உண்டு. விழுந்தது பால் பல் என்றால் மட்டும் திருப்பி வைக்கக்கூடாது.

இனி நீங்கள் கேளுங்கள்.